சேம்பர் உடைந்த பிறகு: ஏலத்தோட்டப் பாதையில் ஓடும் வண்டிக்கு அடித்தகடு தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

போடிநாயக்கனூரில் குடியிருந்துகொண்டு எல்லைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தில் ஏலத்தோட்டம் நடத்தும் குடும்பங்கள் தலைமுறைகளாக உண்டு. அதிகாலையில் போடியிலிருந்து கிளம்பும் ஜீப்புகள் முந்தலைத் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டில் எல்லையைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று பல திசைகளில் பிரிந்து போகும். தேசிய நெடுஞ்சாலை 85-இல் ஓடும்வரை வண்டியின் அடிப்பாகத்தைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. தார்ச்சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பும் இடத்தில்தான் அந்தக் கவலை தொடங்குகிறது.

இங்கே பதிவு செய்யப்படும் வண்டி, அப்படி ஒரு தோட்டத்துக்காரர் 2021-இல் வாங்கிய டீசல் நான்கு சக்கர இயக்க வண்டி. ஏணி வடிவச் சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்), தனித்தனியாக இயங்கும் முன்சக்கரத் தொங்கல் (சஸ்பென்ஷன்), ஒரே துண்டான பின் அச்சு ஆகியவை கொண்டது. தார்ச்சாலையிலிருந்து தோட்டத்துக் களம் வரை சுமார் மூன்றரை கிலோமீட்டர். சக்கரம் ஓட இரண்டு வரிசையாகக் கான்கிரீட் போட்டிருந்த அந்தப் பாதையில் பாதிக்கு மேல் மழையில் அரித்துப் போய், நடுவில் கல்லும் மண்ணுமாக ஒரு மேடு எழுந்து நிற்கிறது. ஆடி தொடங்கி மாசி வரை, நாற்பது நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு சுற்று என்று காய் எடுப்பு நடக்கும் காலத்தில் இந்த வண்டி ஓடாத நாள் இல்லை. ஏறும்போது ஐம்பது கிலோ உர மூட்டைகளும் ஆட்களும், இறங்கும்போது காய்ச் சாக்குகளும் அதில் இருக்கும்.

நான் போடியில் வாகனப் பட்டறையும் அதோடு சேர்ந்த தகட்டு வேலையும் செய்கிறவன். இந்த வண்டி என்னிடம் வந்தது, எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் கலமான சேம்பர் உடைந்த பிறகுதான். கல்லடியைத் தாங்க வண்டியின் அடியில் மாட்டும் அடித்தகடு அப்போது அதில் இல்லை.

நிகழ்வு

தென்மேற்கு மழை பிடித்திருந்த ஒரு காலையில், உர மூட்டைகளோடு ஏறிக்கொண்டிருந்த வண்டியின் இடது முன்சக்கரம் ஒரு கல்லின் விளிம்பை மிதித்திருக்கிறது. கல் புரண்டு எழுந்து ஆயில் சேம்பரில் அடித்தது. தொழிற்சாலையிலிருந்து அந்த இடத்தில் வந்திருந்தது சேறு தெறிக்காமல் தடுக்கும் பிளாஸ்டிக் மறைப்பு மட்டுமே. அது முந்தின ஆண்டே பாதி கிழிந்து தொங்கியதால் கழற்றிப் போட்டிருந்தார்கள். அது இருந்திருந்தாலும் கல்லைத் தடுத்திருக்காது என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஓட்டுநர் ஓட்டத்தை நிறுத்திய வேகம்தான் அன்று எஞ்சினைக் காப்பாற்றியது. உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, ஆயில் லைட்டு எரிஞ்சிருச்சு. எரிஞ்ச நிமிசமே ஆஃப் பண்ணிட்டேன், மறுபடி சாவியத் தொடவே இல்ல" என்று சொல்லியிருக்கிறார். "நல்ல காரியம் செஞ்ச தம்பி, அப்படியே விட்டுட்டு இறங்கி வா" என்று அவரும் பதில் சொல்லியிருக்கிறார். எண்ணெய் அழுத்தம் இல்லாமல் டீசல் எஞ்சின் ஒரு நிமிடம் ஓடினாலே பேரிங்குகள் தேய்ந்து கிராங்கு வரை சேதம் போகும். இந்த வண்டியில் அந்தச் சேதம் இல்லை.

சேம்பரைக் கழற்றிப் பார்த்தபோது வடிகால் போல்ட் உட்காரும் தடித்த குமிழின் ஓரத்திலிருந்து, தலைமுடி அகலத்தில் ஒரு விரிசல் கிளம்பி நான்கு விரற்கடை நீளத்துக்கு ஓடியிருந்தது. பழைய ஜீப்புகளில் சேம்பர் இரும்புத் தகட்டில் அழுத்திச் செய்தது. அடிபட்டால் நசுங்கும், தட்டி எடுத்து மாட்டிவிடலாம். இதில் இருந்ததோ வார்ப்பு அலுமினியம். அது நசுங்காமல் வெடிக்கும். "அந்தக் காலத்துல தகடே இல்லாம ஓட்டினோமே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். புதிய சேம்பர் வந்து சேர ஆறு நாளாயிற்று. பச்சைக் காயைப் பறித்த அன்றே ஸ்டோர் என்னும் உலர்த்தும் கூடத்துக்குள் ஏற்றி உலர்த்தவேண்டிய காலத்தில், அந்த ஆறு நாளும் வாடகை ஜீப்பில் ஓடின.

முதல் தகடும் அதன் தவறும்

சேம்பர் மாற்றிய கையோடு, உரிமையாளர் வெளியூரில் ஒரு கடையில் ஆயத்தமாகக் கிடைத்த 3 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றை வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதை நான் தடுக்கவில்லை. ஏதோ ஒரு தகடு இருப்பது நல்லதுதானே என்று நினைத்தேன். அது என் பிழை.

ஏழு வாரம் கழித்து எண்ணெய் மாற்ற வண்டி வந்தபோது மூன்று கோளாறுகள் தெரிந்தன. எஞ்சின் சும்மா ஓடும்போதே தரைக்கடியிலிருந்து ஓர் இரைச்சல் வந்தது, ஏனென்றால் தகட்டின் முன்பக்கம் சேஸிஸின் குறுக்குச் சட்டத்திலும் பின்பக்கம் கியர்பாக்ஸின் சொந்த போல்ட்டுகளிலும் மாட்டப்பட்டிருந்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்து அசைபவை, சேஸிஸ் அசையாதது. அசைவதையும் அசையாததையும் ஒரே தகட்டால் பிணைத்தால் அதிர்வு உள்ளே ஏறும். அதைவிட மோசமாக, தகட்டில் விழும் ஒவ்வோர் அடியும் கியர்பாக்ஸ் வார்ப்பின் மேல்தான் போய் விழும். காப்பதற்காக மாட்டிய தகடு, காக்கவேண்டிய உறுப்பையே தூணாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

அடுத்து, தகட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த போல்ட் தலைகளைப் பாறை தேய்த்து வட்டமாக்கியிருந்ததால் ஸ்பேனர் பிடிக்க இடமில்லை. நான்கில் மூன்றை கிரைண்டரால் அறுத்துத்தான் எடுத்தோம். தகட்டை இறக்கியபோது அதன் உட்புறத்தில் கெட்டியாக அடைந்திருந்த செம்மண்ணை வழித்துத் தராசில் வைத்தோம். ஏழு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. வடிகால் துளையே இல்லாத தகட்டில், ஈரமண் சேம்பரின் பாதி உயரம் வரை ஒட்டிக் கிடந்தது. இரும்பைத் துருப்பிடிக்க வைப்பதோடு, காற்றுப்பட்டுக் குளிரவேண்டிய உறுப்பை அது போர்த்தியும் வைத்திருந்தது.

சுண்ணாம்புப் பரிசோதனை

இனி எந்தத் தகடு, எத்தனை மி.மீ. என்று பேசுவதற்கு முன், வண்டி எங்கே அடிபடுகிறது என்பதைப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக் காயவிட்டு, சுண்ணாம்பைப் பசையோடு கரைத்துக் குறுக்குச் சட்டங்கள், சேம்பரின் சுற்றுப்புறம், கியர்பாக்ஸ், எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், புகைக்குழாய், டீசல் டாங்கி விளிம்பு எல்லாவற்றிலும் பூசினோம். பிறகு மழை விட்டிருந்த இரண்டு நாட்களில் மூன்று நடை: ஒன்று வெறும் வண்டி, இரண்டு முழுச் சுமை.

வெறும் வண்டியில் பூச்சு ஏறத்தாழ அப்படியே இருந்தது. முழுச் சுமையோடு போன இரண்டு நடைகளில் பதினொரு தடங்கள் பதிந்திருந்தன. அவற்றில் சேம்பர்ப் பகுதியில் இருந்தவை இரண்டே. ஐந்து தடங்கள் கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்திலும் டிரான்ஸ்ஃபர் கேஸின் அடியிலும், இரண்டு புகைக்குழாயிலும், இரண்டு டாங்கியின் முன்விளிம்பிலும் இருந்தன. உடைந்தது சேம்பர், ஆனால் அதிகம் அடிபட்டது வண்டியின் நடுவயிறு. இரண்டு அச்சுகளுக்கும் இடைப்பட்ட அந்தப் பகுதிதான் பாதையின் நடுமேட்டில் முதலில் உட்காருகிறது என்பதை யோசித்துப் பார்த்தால் புரியும். ஆனால் சேம்பர் உடைந்த கவலையில் நாங்கள் யாரும் அப்படி யோசிக்கவில்லை.

சுமை ஏற்றியபோது டேப்பால் அளந்ததில் நடுக் குறுக்குச் சட்டத்தின் கீழ்ப்பக்கம் தரையிலிருந்து 219 மி.மீ. உயரத்திலிருந்து 178-க்கு இறங்கியிருந்தது. பின் அச்சின் நடுவே பல்சக்கரங்களை மூடியிருக்கும் கிரவுன் ஹவுசிங் மட்டும் ஒரே அளவில் நின்றது. அது சக்கரத்தோடு சேர்ந்தது. சுமைக்கு இறங்குவது சேஸிஸும் அதில் தொங்குபவையும்தான். வண்டியோடு வரும் கையேட்டில் உள்ள தரை இடைவெளி எண்ணை நம்பி அடித்தகட்டைத் தீர்மானிக்கக் கூடாது என்று நான் இப்போது எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இந்த அளவுதான்.

இன்னொன்றையும் சுண்ணாம்பு காட்டியது. டிரான்ஸ்ஃபர் கேஸின் அடியில் இருந்த தடங்களில் இரண்டு, பின்னாலிருந்து முன்னோக்கி இழுபட்டிருந்தன. அதைக் காட்டியதும் ஓட்டுநர், பலாமரத்து வளைவில் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் ஒவ்வொரு முறையும் ஒருமுறை பின்வாங்கித்தான் ஏறவேண்டியிருக்கிறது என்றார். ஆகவே தகட்டின் விளிம்பு முன்னால் போகும்போது மட்டுமல்ல, பின்னால் வரும்போதும் கல்லில் கொக்கி போடக் கூடாது.

உலோகத் தேர்வு

உரிமையாளர் முதலில் கேட்டது அலுமினியம். அதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் இரும்பு 7.85 கிலோ, அலுமினியம் 2.7 கிலோ. முன், நடு, பின் என்று மூன்று துண்டுகளாக எங்களுக்குத் தேவைப்பட்ட மொத்தப் பரப்பு சுமார் ஒரு சதுர மீட்டர். 4 மி.மீ. இரும்பில் செய்தால் ஏறத்தாழ 31 கிலோ, 6 மி.மீ. அலுமினியத்தில் செய்தால் 16 கிலோ சொச்சம். விறைப்பிலும் அலுமினியம் தோற்பதில்லை. அலுமினியம் வளைவை எதிர்க்கும் தன்மை (மீள்தன்மைக் குணகம்) இரும்பினுடையதில் மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், 6 மி.மீ. அலுமினியத் தகடு 4 மி.மீ. இரும்பைவிடச் சற்று விறைப்பாகவே நிற்கும்.

ஆனாலும் இரும்பையே தேர்ந்தெடுத்தோம். அலுமினியம் மென்மையானது. எங்கள் மலையில் கிடக்கும் கடினப் பாறையின் கூர்விளிம்பு அதில் வழுக்காமல் பதிந்து உழும். உழும்போது வண்டி நின்றுவிடும், சுமையோடு மேட்டில் நிற்கும் வண்டியை மறுபடி கிளப்புவதே ஒரு தனி வேலை. இரும்பு கீறல் படும், ஆனால் வழுக்கி விடும். இரண்டாவது காரணம் பழுது. வளைந்த இரும்புத் தகட்டைத் தோட்டத்துக் களத்திலேயே கல்லில் வைத்துச் சம்மட்டியால் தட்டலாம், எந்த ஊரிலும் பற்றவைக்கலாம். அலுமினியத்துக்கு ஆர்கான் வாயு வெல்டிங் வேண்டும். 6061-டி6 போன்ற கடினப்படுத்திய வகையில் பற்றவைத்த இடத்தின் சுற்றுப்புறம் வலிமையை இழந்துவிடும், கூர்மையாக வளைத்தால் வெடிக்கவும் செய்யும். வளைப்பதற்கு 5052 வகை இணக்கமானது, ஆனால் எங்களுக்குத் தேவையான தடிமனில் அது உடனே கிடைக்கவில்லை. மழை நாளில் இரும்புச் சேஸிஸோடு அலுமினியம் தொட்டுக்கொண்டிருந்தால் தொடும் இடங்களில் அலுமினியம் அரிக்கும் என்பதையும் கணக்கில் எடுத்தோம். மணல்வெளியிலும் நெடுந்தொலைவுப் பயணத்திலும் ஓடும் வண்டியாக இருந்தால் நான் தயங்காமல் அலுமினியத்தைச் சொல்லியிருப்பேன்.

முன்தகட்டுக்கும் நடுத்தகட்டுக்கும் 4 மி.மீ., டாங்கிக்கு முன்பாக முடியும் பின்தகட்டுக்கு 3 மி.மீ. என்று முடிவாயிற்று. 3-க்கும் 4-க்கும் ஒரு மி.மீ. வித்தியாசம்தானே என்று தோன்றும். மேலே சொன்ன மும்மடிக் கணக்கில் 4 மி.மீ. தகடு 3 மி.மீ. தகட்டைவிட இரண்டேகால் மடங்குக்கு மேல் விறைப்பானது. 5 மி.மீ. போடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. முன்சக்கர ஸ்பிரிங்குகளின் மேல் கூடும் எடை வண்டியைத் தாழ்த்தும், தாழ்ந்த வண்டி இன்னும் அதிகமாக அடிபடும் என்பதால் அதை விட்டோம்.

மாட்டும் முறை

இந்த வேலையில் எங்கள் நேரம் பெரும்பாலும் தகட்டில் அல்ல, அது தொங்கும் இடங்களில்தான் போனது. தகட்டின் வலிமை அது எதில் மாட்டியிருக்கிறதோ அதன் வலிமைதான். மூன்று தகடுகளும் சேஸிஸின் நீளச் சட்டங்களிலும் குறுக்குச் சட்டங்களிலும் மட்டுமே தொங்கவேண்டும், எஞ்சினையோ கியர்பாக்ஸையோ எங்கும் தொடக் கூடாது என்பது முதல் விதி. சேஸிஸில் புதிதாகத் துளையிடவோ பற்றவைக்கவோ கூடாது என்பது இரண்டாவது. தொழிற்சாலைத் துளைகளில் எட்டு எங்களுக்குப் பயன்பட்டன. அவற்றில் 10 மி.மீ. தடிமனுள்ள தாங்கிகளைப் பொருத்தி, 8.8 என்ற வலிமைத் தரமுள்ள எம்10 (10 மி.மீ. விட்ட) போல்ட்டுகளால் மாட்டினோம்.

போல்ட் தலையைப் பாறையிலிருந்து காப்பது எளிதாக இல்லை. புதைதலை போல்ட் போடலாம் என்றால், எம்10 அளவில் அதன் தலை ஐந்தரை மி.மீ. ஆழம் கேட்கும், தகடோ நான்கு மி.மீ. ஆகவே ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் தடித்த குழாயிலிருந்து அறுத்த 8 மி.மீ. உயர வளையத்தைப் பற்றவைத்து, அதன் வெளிவிளிம்பைச் சரிவாகத் தேய்த்துவிட்டோம். கல் அந்தச் சரிவில் ஏறி இறங்கும், தலையைத் தொடாது.

சேம்பருக்கும் தகட்டுக்கும் இடையே 25 மி.மீ. இடைவெளி விட்டோம். அடிபட்ட தகடு சற்று உள்வாங்கினாலும் சேம்பரைத் தொடக் கூடாது. அதனால் தரை இடைவெளி அந்த அளவுக்குக் குறையும் என்று பயப்படவேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் முன் குறுக்குச் சட்டமே சேம்பரைவிட 22 மி.மீ. தாழ்ந்து நின்றது. தகட்டின் தடிமனையும் சேர்த்து உண்மையில் இழந்தது 7 மி.மீ. முன்தகட்டின் பின்விளிம்பை நடுத்தகட்டின் முன்விளிம்புக்குக் கீழாக ஏற்றிவைத்தோம். முன்னால் போகையில் கல் தடையின்றி நழுவும். பின்வாங்கும்போது அதே விளிம்பு கொக்கியாகிவிடாமல் இருக்க, அதை மேல்நோக்கி மடித்து நடுத்தகட்டில் வெட்டிய பள்ளத்துக்குள் உட்காரவைத்தோம். கடைசித் தகட்டின் பின்முனையையும் அப்படியே மேலே வளைத்தோம்.

காற்றும் நீரும் போக வரிசையான பிளவுகள் வெட்டினோம், அவற்றின் உதடுகள் பின்பக்கம் பார்த்தவை. புகைக்குழாய்க்கு நேர்கீழே தகடே போடவில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.6 (புகை மாசு விதிமுறை) டீசல் வண்டிகளில் உள்ள கரித்துகள் வடிகட்டி, தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அதற்கடியில் ஒரு தட்டைப் பிடித்து, அதில் காய்ந்த சருகு சேர்ந்தால் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. மாசி, பங்குனியில் எங்கள் மலைப் புல் எப்படிக் காய்ந்திருக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

முன்தகட்டை பம்பர் வரை நீட்டித்து ஒரு கம்பியும் சேர்த்துவிடலாம் என்று உரிமையாளர் கேட்டதை மறுத்தேன். மோதலின்போது நசுங்கவேண்டிய பகுதி நசுங்காவிட்டால் காற்றுப்பை உணரிகள் ஒழுங்காக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. முன்கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களை அறிவுறுத்தியிருக்கிறது. வண்டியின் அடிப்படை அமைப்பைத் தயாரிப்பாளர் வகுத்ததிலிருந்து மாற்றக் கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2019 ஜனவரித் தீர்ப்பும் கேரளத்து வழக்கு ஒன்றில் வந்ததுதான். தினமும் எல்லையைக் கடக்கும் வண்டிக்கு இது சிறிய விஷயமல்ல. எங்கள் தகடு பம்பருக்குப் பின்னாலேயே நின்றது, போல்ட்டைக் கழற்றினால் சேஸிஸ் பழையபடி இருக்கும்.

தொடர்ந்து நடந்தவை

ஆவணியில் மாட்டிய தகடு மாசி முடியும்வரை ஒரு முழுப் பருவம் ஓடியது. மாட்டி ஐந்நூறு கிலோமீட்டர் ஆனதும் திருகி அழுத்திப் பார்த்ததில் எட்டில் இரண்டு போல்ட்டுகள் தளர்ந்திருந்தன, தாங்கியின் அடியிலிருந்த பெயிண்ட் நசுங்கி இடம் விட்டிருந்தது. அந்த இடங்களில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு மறுபடி முறுக்கிய பிறகு தளரவில்லை. கூடுதல் எடையால் முன்பக்கம் தாழ்ந்தது 5 மி.மீ. மலை ஏறி நின்றவுடன் கியர்பாக்ஸ் உறையில் வெப்பமானி காட்டிய அளவு, தகடு இல்லாதபோது 84 டிகிரியும் மாட்டியபின் 88 டிகிரியுமாக இருந்ததால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள், பழைய இடத்துக்குச் சற்று மேலே, அதே மாதிரி ஒரு கல் புரண்டது. ஓட்டுநர் நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டு நேராகக் களத்துக்கு ஓட்டிப் போய்விட்டார். தகட்டின் முன்பகுதியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பள்ளம். ஆழம் 9 மி.மீ., சேம்பருக்கு இன்னும் 16 மி.மீ. மிச்சம். அடுத்த எண்ணெய் மாற்றத்தின்போது கழற்றித் தட்டி மாட்டினோம். உள்ளே சேர்ந்திருந்த மண் இரண்டு கைப்பிடிக்கு மேல் இல்லை.

மாற்றவேண்டியவை

எண்ணெய் வடிக்கும் துளையை நான் தவறான இடத்தில் வெட்டினேன். வடிகால் போல்ட்டுக்கு நேர்கீழே 60 மி.மீ. துளை போட்டிருந்தேன். ஆனால் இந்தச் சேம்பரில் போல்ட் பின்பக்கம் பார்த்திருக்கிறது. திறந்ததும் எண்ணெய் ஒரு சாண் தூரம் பாய்ந்து வளைந்துதான் விழும், அளவு குறையக் குறைய அந்த வளைவு உள்ளே சுருங்கும். முதல் முறை பாதி எண்ணெய் தகட்டின் மேல் கொட்டி எல்லாப் பிளவுகள் வழியாகவும் ஒழுகியது. தகடு வெட்டுவதற்கு முன் ஒருமுறை எண்ணெயை வடித்து, அது விழும் இடத்தைச் சாக்கட்டியால் தரையில் குறித்திருந்தால் நீள்துளையாக வெட்டியிருக்கலாம். இப்போது அப்படி வெட்டி, உட்புறமிருந்து மூடும் ஒரு சிறு கதவு வைத்திருக்கிறோம்.

நடுத்தகட்டின் உட்புற விறைப்புச் சட்டங்களைக் குறுக்காகப் பற்றவைத்ததும் சரியில்லை. மண் அவற்றுக்குப் பின்னால்தான் தங்குகிறது. வண்டி ஓடும் திசையில் நீளவாக்கில் வைத்திருந்தால் தண்ணீரோடு வழிந்து போயிருக்கும்.

சுண்ணாம்பு காட்டிய டாங்கி விளிம்பின் இரண்டு தடங்களுக்கு இன்னும் தகடு இல்லை. அங்கே மாட்டத் தொழிற்சாலைத் துளை ஒன்றுதான் இருக்கிறது, ஒற்றைப் பிடியில் தகடு தொங்கவிட எனக்கு மனமில்லை. சட்டத்தைச் சுற்றிப் பிடிக்கும் இரட்டைக் கவ்வி ஒன்றை மரத்தில் மாதிரி செய்து பார்த்திருக்கிறோம். அடுத்த காய் எடுப்பு தொடங்குமுன் அது இரும்பில் முடியவேண்டும். அதுவரை, முழுச் சுமை உள்ள நாட்களில் கடைசி நான்கு மூட்டைகளைக் கீழேயே இறக்கிவைத்து இரண்டாம் நடையில் ஏற்றுவதென்று ஓட்டுநரும் உரிமையாளரும் பேசி வைத்திருக்கிறார்கள்.